குடும்ப எண் நூற்று எண்பத்தேழு

ஆரணியில் ஜரிகைக் கடை சம்பந்தத்துக்குத் தெரியாமல் ஒரு கல்யாணம் நடந்துவிட முடியாது. முப்பது வருஷமாக அப்படித்தான். சமுதாயச் சங்கத்தில் செயலாளராக இருந்தபோது வீடு வீடாக ஏறி இறங்கி, முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் விவரங்களைத் திரட்டி, யாருக்கு யார் என்ன உறவு என்று புத்தகமாகவே போட்டவர் அவர். அதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண் உண்டு. அவருடையது நூற்று எண்பத்தேழு. தெருவில் யாராவது எதிரே வந்தால் பெயர் நினைவுக்கு வருவதற்குள் எண் வந்துவிடும். “தோ பாரு, எரநூத்தி நாலு போவுது, கால் நொண்டிகினு” என்பார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் தனசேகரன் மகள் துர்காவின் கல்யாணப் பத்திரிகை வரவில்லை.

தனசேகரன் யாரோ எவரோ அல்ல. பட்டுச்சேலை வியாபாரி, சம்பந்தத்தின் சித்தப்பா மகன். மாப்பிள்ளை ராஜேஷின் அப்பா சந்திரமோகன் சாயப்பட்டறை வைத்திருப்பவர். அவரும் யாரோ அல்ல. சம்பந்தத்தின் மனைவி கன்னியம்மாளுக்குப் பெரியப்பா மகன். ஆகப் பெண்ணுக்குச் சம்பந்தம் பெரியப்பா, மாப்பிள்ளைக்கு மாமா. இரண்டு பக்கமும் ஒரே தூரம். நிச்சயதார்த்தம் கண்ணமங்கலத்தில் பத்துப் பேரோடு முடிந்துபோனது. அதைப்பற்றி அவருக்கு வருத்தமில்லை. ஆனால் கல்யாணத்துக்கு ஒன்பதே நாள் இருக்கும்போது, இஸ்திரிக்காரருக்குப் பத்திரிகை வந்துவிட்டது, பால்காரருக்கு வந்துவிட்டது, கேபிள் டிவிக்காரருக்கு வந்துவிட்டது.

மாடியில் வாடகைக்கு இருந்த ஜாய்ஸுக்கு இரண்டு வந்தன. அவள் துர்காவோடு பள்ளியில் படித்தவள். அவளுடைய அப்பா பெரியநாயகம் வாத்தியாரிடம் ராஜேஷ் கணக்குப் படித்தவன். திங்கட்கிழமை பெண் வீட்டார் வந்தார்கள். புதன்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். இரண்டு தடவையும் வாசலில் நின்ற கன்னியம்மாளிடம் சிரித்துப் பேசி, தண்ணீர் வாங்கிக் குடித்து, மாடிப்படி ஏறிப்போய்த் தட்டோடு பத்திரிகை வைத்துவிட்டு, இறங்கிவந்து, “வரோம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

“ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்” என்றாள் கன்னியம்மாள்.

“பத்திரிகைய கேட்டு வாங்கச் சொல்றியா? நானு?”

“அப்ப நா கேக்கறேன்.”

“நீ கேட்டா நா கேட்ட மாதிரிதான்.”

சம்பந்தம் அன்று கடையைக்கூடத் திறக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். கடைசியில், அந்தப் பத்திரிகை எப்படித்தான் இருக்கிறது என்று பார்த்துவிடலாமென மாடி ஏறினார்.

ஜாய்ஸ் பெங்களூரில் உள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அந்த வேலை போக, கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்கில் படிப்பதற்காக ஒரு கட்டுரையும் எழுதிக்கொண்டிருந்தாள். அதற்காகத்தான் போன மாதம் வந்து, “அங்கிள், எனக்கு நெஜமான ஒரு வலை வேணும். சுத்தி சுத்தி முடிச்சு விழுந்திருக்கணும்” என்று கேட்டாள். சம்பந்தம் தன் புத்தகத்தைத் துடைத்துக் கொடுத்தார். நம் சனங்களுடைய உறவைவிடச் சிக்கலான வலை உலகத்தில் இல்லை என்று அவர் சொன்னதை அவள் உடனே ஒத்துக்கொண்டாள்.

இப்போது அவளுடைய கம்ப்யூட்டர் திரை முழுக்கப் புள்ளிகள். சில பளிச்சென்று எரிந்தன, சில மங்கலாக. புள்ளிக்குப் புள்ளி கோடு ஓடியது.

“இன்னாம்மா இது, வானமா?”

“உங்க புஸ்தகம் அங்கிள். ஒரு புள்ளி ஒரு குடும்பம். கோடு, உறவு.”

சம்பந்தத்துக்கு ஒரு நொடி பத்திரிகையே மறந்துபோனது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். “நூத்தி எம்பத்தேழு எங்க கீது?”

ஜாய்ஸ் பெரிதாக்கிக் காட்டினாள். சுற்றியுள்ள புள்ளிகளெல்லாம் எரிய, நடுவில் ஒரு புள்ளி மட்டும் கரிக்கட்டையாக இருந்தது.

“பல்பு போயிட்ச்சா?”

“இல்ல அங்கிள், அது… சைபர்.”

“யாரு சைபர்?”

ஜாய்ஸ் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். சொல்லிப் புரியவைத்துவிட வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் அவளுக்கு. “இந்த மாதிரி வலையில நடக்கறதுக்குன்னே ஒரு மொழி இருக்கு. ஒரு வீட்ல ஆள நிறுத்தி, இந்த உறவு வழியா போ, அங்கருந்து அடுத்த உறவு வழியா போன்னு அதுல சொல்லலாம். போறவன் கையில ஒரு பையும் குடுக்கலாம். பையில ஒரு நம்பர் இருக்கும்.”

“பத்திரிகை வெக்கப் போறவன் மாதிரி.”

“ஆமா, அதே மாதிரி. சாதாரண நடைன்னா, வழி பிரியற எடத்துல அவன் காசு சுண்டிப் போட்டு ஏதாவது ஒரு பக்கம் போவான். நா பண்றது குவாண்டம் நடை. இதுல சுண்டின காசு கீழ விழறதே இல்ல. அவன் எல்லா வழியிலயும் ஒண்ணா போறான். பையில இருக்கற நம்பர் பாதி பாதியா பிரியும். அதுல ப்ளஸ்ஸும் இருக்கும், மைனஸும் இருக்கும். ரெண்டு வழியா வந்தவன் ஒரே வீட்ல சேந்தா, ரெண்டு பையையும் ஒண்ணா கொட்டிடணும்.”

“கொட்டுனா?”

“உங்க வீட்டுக்கு ரெண்டே வழிதான் அங்கிள். துர்கா வீட்டு வழியா ஒண்ணு, ராஜேஷ் வீட்டு வழியா ஒண்ணு. ஒரு பையில ப்ளஸ் வந்துச்சு. இன்னொரு பையில அதே அளவு மைனஸ் வந்துச்சு. கொட்டினா ஒண்ணுமில்ல. ரெண்டு வீட்டுக்கும் சொந்தக்காரங்க எண்ணிக்கையும் கண்ணாடியில பாத்த மாதிரி ஒண்ணா இருக்கா, அதனால இருபது அடி நடக்கவெச்சுப் பாத்தும் உங்க வீடு எரியவே இல்ல.”

“அப்ப யாரும் வரல.”

“வந்தாங்க அங்கிள். ரெண்டு பேரும் வந்தாங்க. ஆனா வரல.”

சம்பந்தம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். திங்கட்கிழமையும் புதன்கிழமையும் வாசல்வரை வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர்களை நினைத்துப் பார்த்தார்.

“இந்தக் கல்யாணத்துலருந்து ஏம்மா ஆரம்பிச்ச?”

“மேசை மேல ரெண்டு பத்திரிகை இருந்துச்சு. சரி, இந்த ரெண்டு வீட்லருந்தே கெளம்பட்டும்னு ஒண்ணுக்கு ப்ளஸ், ஒண்ணுக்கு மைனஸ் போட்டேன்.”

“யாருக்கு மைனஸ்?”

“மாப்பிள்ள வீட்டுக்கு.”

“ஏன்?”

“யாருக்காவது போடணுமே அங்கிள்.”

அவர் எழுந்து மறுபடி திரைமுன் குனிந்தார். சாதாரண நடையில் தன் வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஜாய்ஸ் அதையும் போட்டுக் காட்டினாள். நூற்று எண்பத்தேழு, இரண்டு பக்கமிருந்தும் ஆள் வந்து குவிந்து, பக்கத்திலிருந்த எல்லாரையும்விடப் பிரகாசமாக எரிந்தது.

“சரி, நம்ம ஊர்ல நடக்கறது எந்த நட?”

“சாதாரண நடதான் அங்கிள். குவாண்டமெல்லாம் எலக்ட்ரானுக்கு.”

“அப்ப பத்திரிகை ஏன் வரல?”

அந்த இடத்தில் ஜாய்ஸ் எதையாவது சொல்லியிருக்க வேண்டும். படித்த பெண், பொய் சொல்ல வரவில்லை. நாற்காலியைத் திரைப் பக்கமே திருப்பிக்கொண்டாள். சம்பந்தம் தலையை மேலும் கீழும் ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

கீழே கன்னியம்மாள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். “அவங்க வெச்சிருப்பாங்கன்னு இவங்க நெனச்சிருப்பாங்க, இவங்க வெச்சிருப்பாங்கன்னு அவங்க நெனச்சிருப்பாங்க. இதுக்கு ஒரு கம்ப்யூட்டரா?” என்றாள்.

“ஒனக்குப் புரியாது. இதுல பை இருக்குது” என்றார் சம்பந்தம்.

மறுநாள் காலை பல் துலக்கிய கையோடு மாடிக்குப் போய் நின்றார். இதற்குப் பரிகாரம் என்ன என்று கேட்டார். ஜாய்ஸுக்குப் பத்து மணிக்கு மீட்டிங். சீக்கிரம் முடித்து அனுப்பிவிடலாமென, நூற்று எண்பத்தேழையும் தனசேகரனின் நாற்பத்தாறையும் இணைத்த கோட்டை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். கரிக்கட்டை பட்டென்று எரிந்தது.

“ஒரு வழிய அடைச்சிட்டா, ரத்து பண்ண எதிர்ப் பை வராது. அவ்ளோதான் அங்கிள்.”

“உறவ அறுத்தா பத்திரிகை வரும்ன்ற.”

“நா அப்பிடிச் சொல்லல—”

“மிசினு சொல்லுது.”

எந்த உறவை அறுப்பது என்பதில் வீட்டில் கொஞ்சம் பேச்சு வந்தது. சம்பந்தம் முதலில் சந்திரமோகன் பக்கத்தைச் சொன்னார். கன்னியம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். “எங்க அண்ணன அறுத்துட்டு இந்த வீட்ல சோறு எப்பிடி வேவும்னு பாக்கறேன்” என்றாள். அதனால் தன் பங்காளியையே அறுப்பது என்று முடிவாயிற்று.

சண்டை போடுவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை முறைத்துப் பார்த்தார். வெள்ளைச் சட்டை போட்டால் மரியாதையாகத் தெரியும் என்று கழற்றிவிட்டுப் பழைய கட்டம்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

தனசேகரன் வீட்டு முன்கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. பந்தல்காரன் கூரைமேல் நின்றான். “வாண்ணா, வாண்ணா! யாரங்க, அண்ணனுக்குக் காப்பி!” என்று தனசேகரன் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

சம்பந்தம் கையை உதறிக்கொண்டார். “காப்பி குடிக்க வரல. முகூர்த்தச் சேல தறியில ஏறியிருக்குதாமே? பார்டரு பாத்தேன். ஒண்ணும் நல்லால்ல.”

தனசேகரன் முகம் சட்டென மாறியது. இதோ பற்றிக்கொண்டது என்று சம்பந்தம் நினைத்தார்.

“எனக்கும் அதே சந்தேகம்தாண்ணா. இவளுங்க யாரும் கேக்கல. நீ சொல்லிட்டல்ல, மாத்திடலாம்” என்று சொல்லி, அங்கேயே நின்று நெசவாளரைக் கூப்பிட்டுத் தறியை நிறுத்தச் சொன்னான்.

சம்பந்தத்துக்கு என்னவோபோல ஆகிவிட்டது. பார்டர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வந்த காரியம் முடியவில்லையே. குரலை உயர்த்தினார். “அதெல்லாம் கெடக்கட்டும். தாத்தா காலத்துக் கெணறு. சேவூர் ரோட்டுல கீதே, அதுல பாதி எனக்கு வரணும். நாப்பது வருசமா வாய மூடிகினு இருந்தேன். இனிமே இருக்க மாட்டேன்.”

அப்படியொரு எண்ணம் அவருக்கு அன்று காலைவரை இருந்ததே இல்லை.

“எடுத்துக்கோண்ணா” என்றான் தனசேகரன். அவன் கண்ணில் நீரே வந்துவிட்டது. “எங்கப்பா சாவும்போது அதத்தான் சொல்லிகினு இருந்தாரு. அண்ணன் பசங்களுக்குப் பாதி குடுத்துடுறான்னு. நா எப்பிடிப் பேச்செடுக்கறதுன்னு தெரியாம இருந்தேன். கல்யாணம் முடியட்டும், ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போயி எழுதிடலாம்.”

“ஒம் மாப்பிள்ள—” என்று ஆரம்பித்தார் சம்பந்தம். அதற்குமேல் வரவில்லை. ராஜேஷைத் தூக்கி வளர்த்தவர். “—நல்ல பையன்” என்று முடித்தார்.

“நீ சொன்னா போதும்ணா.”

துர்கா உள்ளேயிருந்து வந்து காலில் விழுந்தாள். காப்பி வந்தது. திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு பை முறுக்கும், மனசில் பாதிக் கிணறும் இருந்தன. பத்திரிகையைப்பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

“கல்யாண வீட்ல எவனும் சண்ட போட மாட்டான்” என்றாள் கன்னியம்மாள், முறுக்கைத் தின்றபடி. “பயந்துகினு இருப்பாங்க. இப்ப போயி வீட்டையே எழுதி வையின்னாலும் வெப்பாங்க.”

சம்பந்தம் மறுபடி மாடி ஏறினார். ஜாய்ஸ் கதவைத் திறந்தபோதே, “அங்கிள், நா ஆன்ட்டிகிட்ட சொல்லி ஒரு போன்—” என்று ஆரம்பித்தாள். அவர் கை காட்டி நிறுத்தினார். அறுக்காமல் வேறு வழி உண்டா என்பதை மட்டும் சொல்லச் சொன்னார்.

ஜாய்ஸ் பெருமூச்சு விட்டாள். “நடுவுல யாராவது நின்னு பாத்துகினே இருந்தா ரத்து ஆவாது. எந்த வழியா போறான்னு தெரிஞ்சிட்டா அவன் சாதாரண நட நடக்க ஆரம்பிச்சிடுவான். ஆனா அங்கிள், இது எலக்ட்ரானுக்கு—”

அவர் பாதிப்படி இறங்கியிருந்தார்.

எல்லப்பன் வேலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். சம்பந்தத்தின் நண்பர். மனிதர்களை முறைத்துப் பார்த்தே ஒரு ஆயுளைக் கழித்தவர் என்பதால் இந்த வேலைக்கு அவரைவிடத் தகுந்த ஆள் கிடையாது. தனசேகரன் வீட்டுக்கு எதிரில், வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நோட்டும் பேனாவும் கொடுத்து அவரை உட்காரவைத்தார் சம்பந்தம். யார் வெளியே வருகிறார்கள், எந்தத் திசையில் போகிறார்கள் என்று கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

“பாத்தா போதுமா?”

“பாத்தா போதும்.”

“டிக்கெட்?”

“ஒண்ணும் குடுக்காத.”

முதல் நாள் தனசேகரன் வீட்டார் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துப் பார்த்துக் கலங்கிப்போனார்கள். ஏதோ ஆபீசிலிருந்து தறி எண்ண வந்த ஆள் என்று நினைத்துக் காப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாள் டிபன் அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் பந்தல் சாமான் ஏற்றிவந்த லாரி சந்தில் மாட்டிக்கொண்டது. எல்லப்பனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய், “ரைட்டு, ரைட்டு, ஹோல்டான்!” என்று கத்தி, இரண்டு நிமிஷத்தில் லாரியைத் திருப்பிவிட்டார். அதன்பிறகு அவரை நாற்காலியில் உட்காரவிடவில்லை. தெள்ளாரிலிருந்தும் தேசூரிலிருந்தும் சொந்தக்காரர்களை ஏற்றிவரும் வேன்களின் பொறுப்பு முழுவதும் அவரிடம் போய்விட்டது.

மூன்றாம் நாள் சம்பந்தம் நோட்டை வாங்கிப் படித்தார்.

‘9.10: பொண்ணுக்கு அப்பா வண்டியில் தெற்கே. 9.40: திரும்பினார். 10.05: காப்பி. 11.00: காப்பி. 12.30: சாப்பாடு, வடை இரண்டு. 1.15: எனக்குப் பத்திரிகை வைத்தார்கள்.’

“தட்டோடவா?” என்று கேட்டார் சம்பந்தம்.

“வெத்தல பாக்கு, பழம், ஒரு துண்டு” என்றார் எல்லப்பன். சொல்லிவிட்டு, நண்பரின் முகத்தைப் பார்த்துத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று மதியம் சம்பந்தம் சாப்பிடவில்லை. அலமாரியின் அடித்தட்டில் துழாவி, சங்கத்தின் பழைய லெட்டர்பேடையும் ரப்பர் ஸ்டாம்பையும் எடுத்தார். சண்டை போடத் தெரியாத மனிதருக்கு எழுத்துவேலை தெரியும். முப்பது வருஷம் அதைத்தான் செய்தார். இப்படி எழுதினார்:

‘குடும்ப எண் 46, திரு. தனசேகரன் அவர்களுக்கு. குடும்ப எண் 187 ஆகிய நான், தங்களுடனான பங்காளி உறவை இன்று முதல் முடித்துக்கொள்கிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இதில் தங்கள்மீது எனக்கு யாதொரு கோபமும் கிடையாது. பார்டரை மாற்ற வேண்டாம், நன்றாகத்தான் இருந்தது. இப்படிக்கு, தங்கள் அன்புள்ள அண்ணன், சம்பந்தம்.’

ஸ்டாம்பு மை காய்ந்திருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குத்தினார். எல்லப்பனே கொண்டுபோய்க் கொடுத்தார். அவரால்தான் அந்த வீட்டுக்குள் இப்போது தடையில்லாமல் போகமுடிந்தது.

மறுநாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். வாசலில் இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் வந்து நின்றன. ஒன்றிலிருந்து தனசேகரன் இறங்கினான், கையில் தட்டு. இன்னொன்றிலிருந்து சந்திரமோகன் இறங்கினார், கையில் தட்டு. பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தார். முழங்கைவரை வாடாமல்லி நிறம். கடிதத்தைப் படித்துவிட்டுத் தனசேகரன் நேராக அவரிடம்தான் ஓடியிருக்கிறான், சமாதானம் பேசிவைக்கச் சொல்லி. அங்கே பேசும்போதுதான், இந்த வீட்டுக்கு இரண்டு பேருமே பத்திரிகை வைக்கவில்லை என்பது தெரிந்திருக்கிறது.

“அண்ணா, மச்சான் வீட்லருந்து மொதல்ல வெப்பாங்க, அதான மொற, அப்புறம் நாம போலாம்னு நெனச்சிட்டேண்ணா” என்றான் தனசேகரன்.

“பங்காளிய வெச்சிகினு அதுக்கு முன்னாடி நா வந்து நீட்டுனா நல்லா இருக்குமா மாப்ள? அவுரு வெக்கட்டும்னு இருந்தேன்” என்றார் சந்திரமோகன்.

கன்னியம்மாள் கதவோரத்தில் நின்று கணவனைப் பார்த்தாள். சம்பந்தம் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“அதான் எனக்குத் தெரியுமே” என்றார். “அவன் ப்ளஸ்ஸு, நீங்க மைனஸ்ஸு. அதான் ரத்தாயிட்ச்சு.”

“யாரு மைனஸ்ஸு?” என்றார் சந்திரமோகன்.

“மச்சான், அது வந்து, யாருக்காவது போடணும்—”

“பொண்ணு வீடு ப்ளஸ்ஸு, நாங்க மைனஸ்ஸா? சம்பந்தி, இது ஒங்க வீட்ல பேசுன பேச்சா?”

“நா ஏன் பேசறேன்? எனக்கு ஒண்ணும் தெரியாது!” என்றான் தனசேகரன். “ஆனா மொதல்ல வெச்சிருக்க வேண்டியது நீங்கதான?”

“அப்ப தப்பு எங்க மேல! அப்பிடித்தான?”

நாலு நாளாக யாரும் சண்டைக்கு வரவில்லையே என்று தவித்த சம்பந்தத்தின் வாசலிலேயே இப்போது சண்டை வந்து நின்றது. ஆனால் அவரோடு இல்லை. சந்திரமோகன் வாடாமல்லிக் கையை நீட்டி நீட்டிப் பேசினார். தனசேகரனின் வெள்ளைச் சட்டையில் மூன்று இடத்தில் கறை விழுந்தது. வண்டியைத் திருப்பு என்று ஒருவர் சொல்ல, மண்டபத்துக்கு வேணாம்னு சொல்லிடவா என்று மற்றவர் கேட்க, தெருவில் ஆள் கூடிவிட்டது. காலில் விழுந்த துர்கா சம்பந்தத்தின் நினைவுக்கு வந்தாள். தன் ஒரு பத்திரிகைக்காக இந்தக் கல்யாணமே நின்றுவிடுமோ என்று அப்போதுதான் முதன்முதலாகப் பயந்தார்.

மாடியிலிருந்து ஜாய்ஸ் ஓடிவந்தாள். “மாமா, அது நா போட்டதுங்க! ப்ளஸ் மைனஸ் நாந்தான் போட்டேன். மாத்திக்கூடப் போடலாம், ஒண்ணும் ஆவாது. பதில் அதேதான் வரும்!”

“மாத்திப் போட்டா நாங்க மைனஸ்ஸா?” என்று தனசேகரன் அவள் பக்கம் திரும்பினான்.

கன்னியம்மாள் படியிறங்கி வந்தாள். அண்ணன் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினாள். கொழுந்தன் கையிலிருந்த தட்டையும் பிடுங்கினாள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். மேல்தட்டு வெற்றிலை கீழ்த்தட்டுப் பழத்தில் நசுங்கியது.

“இப்ப எது மேல வந்துச்சு, எது கீழ வந்துச்சு, யாராவது சொல்லுங்க பாக்கலாம்” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் தட்டுகளைத் திண்ணையில் வைத்தாள். “வெச்சாச்சு. ரெண்டு பேரும் உள்ள வந்து உக்காருங்க. பால் காஞ்சிகினு இருக்குது.”

சந்திரமோகன் முதலில் செருப்பைக் கழற்றினார். பிறகு தனசேகரன் கழற்றினான்.

சம்பந்தம் மட்டும் வாசலிலேயே நின்றார். “இது செல்லாது. பொண்டாட்டி புருசன் ரெண்டு பேரையும் நிக்கவெச்சி, கெழக்கப் பாத்துக் குடுக்கணும்” என்று சொல்லவந்தவர், சொல்லி முடிக்காமல் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்தார். அதைப் பார்த்ததும் தனசேகரன் எழுந்துவந்தான். சந்திரமோகனும் கையைத் தொட்டியில் கழுவிக்கொண்டு வந்தார், நிறம் போகவில்லை. தட்டுகளைப் பிரித்து, நசுங்கிய வெற்றிலையைத் தட்டிச் சரிசெய்து, அவரையும் கன்னியம்மாளையும் கிழக்கே பார்க்க நிற்கவைத்து, இரண்டு பேரும் சேர்ந்து நீட்டினார்கள்.

“குடும்பத்தோட வந்துடணும் மாப்ள.”

“நீ வந்து நடத்திக் குடுக்கணும்ணா.”

அவர் வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று வாங்கினார். அப்புறம், இடக்கையில் வாங்கக்கூடாது என்று ஞாபகம் வந்து, திருப்பிக் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாக வாங்கினார். காப்பி குடிக்கும்போதே லெட்டர்பேடில், முந்தைய கடிதம் ரத்து செய்யப்படுகிறது என்று இன்னொரு கடிதம் எழுதி, குத்திக் கொடுத்தார். தனசேகரன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “பார்டர் அப்பவே திருப்பி ஏத்திட்டோம்ணா” என்றான்.

கல்யாணம் வேலூர் ரோட்டு மண்டபத்தில் நல்லபடி நடந்தது. தாலி கட்டும்போது சம்பந்தம் முன்வரிசையில் இருந்தார். முதல் பந்தியிலேயே சாப்பிட்டார். ஜாய்ஸ் பக்கத்து இலையில் உட்கார்ந்து, கட்டுரை முடிந்துவிட்டது என்றும், அவர் புத்தகத்துக்கு அதில் நன்றி சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். “குடும்ப எண் போட்டியா?” என்று கேட்டார். போடவில்லை என்றாள். போடச் சொன்னார்.

அதன்பிறகு போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள்.

“பொண்ணு வீட்டுப் பங்காளிங்க வாங்க” என்றான் போட்டோக்காரன். சம்பந்தம் ஏறினார். எடுத்து முடித்ததும் இறங்கினார்.

“மாப்பிள்ள வீட்டு மாமன் அத்தைங்க.” கன்னியம்மாளோடு ஏறினார்.

“பொண்ணுக்குப் பெரியப்பா சித்தப்பா.” ஏறினார்.

“சார், நீங்க ஏற்கனவே ரெண்டு தடவ வந்துட்டீங்க” என்றான் போட்டோக்காரன்.

“எடு தம்பி.”

“மாப்பிள்ளையோட அத்த வீட்டுக்காரங்க.” அவர் இறங்காமல் அங்கேயே நின்றார். அடுத்து மாப்பிள்ளையின் நண்பர்களைக் கூப்பிட்டார்கள், அப்போதும் நின்றார். பெண்ணின் பள்ளித் தோழிகள் வந்தார்கள். ஜாய்ஸ் அவர் பக்கத்தில் வந்து நின்று, சிரிப்பை அடக்கமுடியாமல் குனிந்துகொண்டாள். வேன் ஓட்டுநர்கள் எல்லப்பன் தலைமையில் வந்தார்கள். அதற்குள் சம்பந்தத்துக்கு எங்கே நின்றால் வெளிச்சம் சரியாக விழும் என்பது பழகிவிட்டது.

துர்கா மாலைக்குள்ளிருந்து முகத்தைத் திருப்பி, வாயை அசைக்காமல், “பெரியப்பா, போதும், எறங்குங்களேன். எல்லாரும் பாக்கறாங்க” என்றாள்.

“பாக்கட்டும்மா. நல்லா பாக்கட்டும்” என்றார் சம்பந்தம். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, அடுத்த படத்துக்கு நேராக நின்றார்.